இணையவழிப் பாடத்துக்குள் நூலகத்தைக் கொண்டுவருவது எப்படி? கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரியின் மூடுல் (இணையவழிப் பாடங்களை நடத்தும் மென்பொருள்) பக்கத்தைத் திறந்தால் மேலே ஓரமாக ‘நூலகம்’ என்று ஒரு இணைப்பு இருக்கும். அழுத்தினால் நூலகத்தின் முகப்புப் பக்கம் வரும். அங்கே என்-லிஸ்ட், டெல்நெட், என்.டி.எல்.ஐ., ஷோத்கங்கா என்று மின்வளத் தளங்களின் சின்னங்கள் வரிசையாக நிற்கும். நூலகத்தைப் பாடத்தோடு இணைத்துவிட்டோம் என்று பல கல்லூரிகளில் சொல்வது இதைத்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய இரண்டாம் ஆண்டு மாணவி, திங்கள் இரவு கையில் போனோடு உட்காரும்போது இந்தச் சின்னங்கள் அவளுக்கு எந்த வகையிலும் உதவாது. எதைத் திறக்க வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை படிக்க வேண்டும், படித்துவிட்டு என்ன எழுத வேண்டும் என்ற மூன்றும் அந்த வாரத்துப் பாடத்திலேயே இருக்க வேண்டும். அப்போதுதான் நூலகம் பாடத்துக்குள் வந்திருக்கிறது என்று சொல்ல முடியும்.

கல்லூரி நூலகராக வேலை பார்க்கும் அனுபவத்திலிருந்து, தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரி ஆசிரியர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே எடுத்துக்காட்டில் காட்டிவிடுவது நல்லது. பி.ஏ. பொருளியல் மாணவர்களுக்கான ‘இந்தியப் பொருளாதாரம்’ தாளில் பொது விநியோகத் திட்டம் பற்றிய யூனிட்டை எடுத்துக்கொள்வோம்.

படி 1: கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

உங்கள் கல்லூரிக்கு எதெதற்கு அனுமதி இருக்கிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் மையம் 2010 முதல் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில், அரசு மற்றும் உதவிபெறும் கல்லூரிகள் குறைந்த ஆண்டுச் சந்தாவில் சேரலாம். 6,000-க்கு மேற்பட்ட மின்னிதழ்களும் லட்சக்கணக்கான மின்னூல்களும் அதில் கிடைக்கின்றன. சுயநிதிக் கல்லூரிகளும் கூடுதல் கட்டணத்தில் சேரலாம். அரசு உயர்கல்வி நிறுவனம் என்றால் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டமும் உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திட்டம் அது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் அடங்கும். தனியார் கல்லூரிகள் இதன் முதல் கட்டத்தில் சேர்க்கப்படவில்லை. சேர்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டணம் கட்ட வழியில்லாத மாணவர்கள் அங்கேயும் நிறையப் படிக்கிறார்கள்.

சந்தா தேவைப்படாதவற்றை இரண்டாம் தரமாக நினைக்காதீர்கள். ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. முதுகலைப் பாடங்களுக்கு இ-பி.ஜி. பாடசாலை, அறிவியல் பாடங்களுக்கு என்.பி.டி.இ.எல். விரிவுரைகள், திறந்த அணுக்க (எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்களுக்கு டி.ஓ.ஏ.ஜே. அட்டவணை என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், மதுரைத் திட்டம், ஈழத்து ஆவணங்களுக்கு ‘நூலகம்’ என்ற பெயருள்ள தளம் ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. அரசு ஆவணங்களும் நூலக வளமே. துறைவாரியாகச் சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தமிழ்நாடு அரசின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் யூனிட்டுக்கு உணவுத் துறையின் குறிப்பு கட்டாயம் வேண்டும்.

நூலகரிடம் ஒருமுறை நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். முடியாவிட்டால் மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘பொருளாதாரத்துக்கு என்னென்ன இருக்கிறது’ என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“மேடம், வணக்கம். இரண்டாம் ஆண்டு பி.ஏ. பொருளியல், ‘இந்தியப் பொருளாதாரம்’ தாள், யூனிட் 3. தலைப்பு: தமிழ்நாட்டில் பொது விநியோகத் திட்டம். மாணவர்கள் 64 பேர், பாதிப் பேர் தமிழ்வழி. ஏழாவது வாரத்தில் ஒரு அசைன்மென்ட் வைக்கிறேன். ஆங்கிலத்தில் எளிய நடையில் ஒரு ஆய்விதழ்க் கட்டுரை, தமிழில் ஒரு அரசு ஆவணம், முடிந்தால் நம் மாவட்டம் சார்ந்த ஒரு ஆய்வேடு வேண்டும். வீட்டிலிருந்து போனில் திறக்க வேண்டும். வருகிற வெள்ளிக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.”

மாணவர் எண்ணிக்கை, பயிற்றுமொழி, எந்த வாரம், எதற்காக, எந்தக் கருவியில் என்பவையெல்லாம் இந்தக் கடிதத்தில் இருக்கின்றன. இப்படி எழுதும் ஆசிரியருக்கு அரை நாளில் தேடிக் கொடுத்துவிட முடியும்.

படி 2: வேலையை முதலில் முடிவு செய்யுங்கள், வாசிப்பை அப்புறம் தேடுங்கள்

பெரும்பாலோர் நல்ல கட்டுரைகளாகப் பத்துப் பன்னிரண்டு சேகரித்து, ‘மேற்படிப்புக்கு’ என்று கீழே பட்டியல் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை யாரும் திறப்பதில்லை. மாணவர் என்ன எழுத வேண்டும், எதைப் பற்றி விவாதிக்க வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். அதற்கு எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் வையுங்கள்.

நம் யூனிட்டுக்குக் கேள்வி இப்படி இருக்கலாம்: ‘1997-ல் மத்திய அரசு இலக்கு சார்ந்த பொது விநியோகத்துக்கு மாறியது. தமிழ்நாடு அனைவருக்குமான முறையைத் தொடர்ந்தது. 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு 2016 நவம்பரில்தான் நடைமுறைப்படுத்தியது, அப்போதும் அனைவருக்குமான முறையைக் கைவிடவில்லை. இதற்கு அரசு சொல்லும் காரணம் என்ன? ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் என்ன? இரண்டும் எங்கே வேறுபடுகின்றன?’

இந்தக் கேள்விக்கு கைடு புத்தகத்திலிருந்து பதில் எழுத முடியாது. அரசு ஆவணம் ஒன்றையும் ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எழுத வேண்டும். நூலகம் இல்லாமல் முடிக்க முடியாத கேள்வியாக அசைன்மென்ட்டை அமைத்துவிட்டால், மாணவரைப் படிக்கச் சொல்லி வற்புறுத்தும் வேலை பெருமளவு குறைந்துவிடும்.

வாரத்துக்குக் கட்டாய வாசிப்பு ஒன்று அல்லது இரண்டு போதும். இளங்கலை மாணவருக்கு ஆங்கிலக் கட்டுரை முழுவதையும் கொடுக்க வேண்டும் என்பதில்லை. முன்னுரை, ஒரு அட்டவணை, முடிவுரை என்று பக்க எண்ணோடு குறிப்பிடுங்கள்.

படி 3: சாகாத இணைப்பைப் பிடியுங்கள்

அதிகத் தவறு நடக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கல்லூரிக்குள் இருந்துகொண்டோ, என்-லிஸ்டில் லாகின் செய்தபின்போ ஒரு கட்டுரையைத் திறக்கிறீர்கள். பிரவுசரின் முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே காப்பி செய்து பாடத்தில் ஒட்டுகிறீர்கள். உங்களுக்குத் திறக்கிறது, மாணவருக்குத் திறக்கவில்லை. காரணம், அந்த முகவரி பல நேரங்களில் உங்களுடைய அந்த நேரத்து லாகினுக்கு மட்டும் உரியது. முகவரியின் கடைசியில் ‘டோக்கன்’, ‘செஷன்’, ‘எக்ஸ்பயர்ஸ்’ போன்ற சொற்களும் அதன்பின் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வாலும் இருந்தால் அது சில மணி நேரத்தில் செத்துவிடும் இணைப்பு. பதிப்பகத்தின் பெயருக்கு நடுவில் வேறொரு தளத்தின் பெயர் செருகப்பட்டிருந்தால் அது பிராக்ஸி (கல்லூரியின் அனுமதியோடு உள்ளே விடும் இடைத்தளம்) வழியாக வந்த முகவரி. அதையும் அப்படியே ஒட்டக் கூடாது.

அதற்குப் பதிலாகக் கட்டுரையின் முதல் பக்கத்தில் டி.ஓ.ஐ. எண்ணைத் தேடுங்கள். அந்தக் கட்டுரைக்கென்றே உள்ள நிலையான அடையாள எண் அது. 10 என்று தொடங்கி, ஒரு புள்ளி, சில எண்கள், ஒரு சாய்கோடு, அதன்பின் பதிப்பகம் அந்தக் கட்டுரைக்குக் கொடுத்த குறியீடு என்று இருக்கும். பதிப்பகம் தளத்தையே மாற்றினாலும் அதைப் புதிய முகவரியோடு புதுப்பித்துவிடுவார்கள் என்பதால், டி.ஓ.ஐ. வழியான இணைப்பு நிலைக்கும். தரவுத்தளங்களில் ‘பெர்மாலிங்க்’ அல்லது ‘ஸ்டேபிள் யு.ஆர்.எல்.’ என்று தனியாகக் கொடுத்திருந்தால் அதுவும் நல்லது.

ஷோத்கங்காவில் ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் 10603 என்று தொடங்கும் நிலையான ஹேண்டில் எண் உண்டு. அங்கே ஒரே ஆய்வேடு அட்டை, சான்றிதழ், இயல் 1, இயல் 2 என்று தனித்தனி பி.டி.எஃப்.களாக இருக்கும். இயலின் கோப்புக்கு நேராக இணைப்புக் கொடுக்காமல், ஹேண்டில் எண்ணுள்ள பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்து, ‘இரண்டாம் இயல் என்ற கோப்பைத் திறக்கவும்’ என்று எழுதுங்கள். மாணவருக்கு ஆய்வாளர் பெயர், பல்கலைக்கழகம், ஆண்டு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். மேற்கோள் எழுதும்போது அது உதவும்.

உங்கள் கல்லூரியில் ஈசிபிராக்ஸி, ரிமோட்எக்ஸ்எஸ், நிம்பஸ், மைலாஃப்ட் போன்ற ஏதேனும் ஒன்று இருந்தால், வெளியிலிருந்து திறப்பதற்கான இணைப்பு வடிவத்தை நூலகரிடம் கேட்டு வாங்குங்கள். ஈசிபிராக்ஸி என்றால் கட்டுரையின் நிலையான முகவரிக்கு முன்னால் கல்லூரிக்கென்று இருக்கும் ஒரு முன்னொட்டைச் சேர்த்தால் போதும். இன்ஃபிளிப்நெட்டின் இன்ஃபெட் வசதி உள்ள கல்லூரி என்றால் மாணவர் பதிப்பகத்தின் தளத்திலேயே ‘நிறுவனம் வழியாக நுழைய’ என்பதை அழுத்தி, இன்ஃபெட்டையும் கல்லூரிப் பெயரையும் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம்.

சோதனை எளிது. போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். பிரவுசரில் இன்காக்னிட்டோ விண்டோ ஒன்றைத் திறந்து இணைப்பை ஒட்டுங்கள். லாகின் கேட்டு, லாகின் செய்தபின் நேராக அதே கட்டுரைக்குப் போனால் சரி. கேட்காமலே திறந்தால் அது திறந்த அணுக்கம். பதிப்பகம் பணம் கேட்டாலோ முகப்புப் பக்கத்தில் போய் நின்றாலோ இணைப்பு தவறு. ஒவ்வொரு இணைப்பையும் இப்படிச் சோதிக்காமல் வெளியிடாதீர்கள்.

படி 4: லாகினை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்

என்-லிஸ்டில் மாணவர் தானாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. கல்லூரியின் நிர்வாகக் கணக்கிலிருந்து நூலகர் பெயர்களைச் சேர்க்க வேண்டும். அதனால் செமஸ்டர் தொடங்கும்போதே வகுப்பின் பெயர்ப் பட்டியலையும் மின்னஞ்சல் முகவரிகளையும் எக்செல் கோப்பாக அனுப்பிவிடுங்கள். மின்னஞ்சல் முகவரியில் ஒரு எழுத்து தவறினாலும் பாஸ்வேர்டு போய்ச் சேராது. மாணவர்களே நிரப்பும் கூகுள் ஃபார்ம் வழியாக முகவரிகளை வாங்குவது பாதுகாப்பானது.

முதல் வாரத்தில் ஒரு சிறு வேலை வையுங்கள். லாகின் செய்து, நீங்கள் கொடுத்த ஒரு கட்டுரையைத் திறந்து, அதன் மூன்றாம் பக்கத்தில் உள்ள முதல் அட்டவணையின் தலைப்பை எழுதி அனுப்ப வேண்டும். இன்டர்னலில் இரண்டு மார்க் போதும். யாருக்கு லாகின் வேலை செய்யவில்லை என்பது அசைன்மென்ட்டுக்கு முந்தின இரவு தெரியவருவதைவிட ஆறு வாரம் முன்பே தெரிவது எல்லோருக்கும் நல்லது.

துறை முழுவதற்கும் ஒரே பொது ஐ.டி. கொடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் பாஸ்வேர்டைப் பகிர்வது பல இடங்களில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சந்தா விதிகளுக்கு அது எதிரானது. ஒருவர் இதழ் முழுவதையும் மென்பொருள் வைத்து இறக்கினால், பதிப்பகம் மொத்தக் கல்லூரியின் அனுமதியையும் நிறுத்திவைக்கும்.

படி 5: அந்த வாரத்துக்குள் வையுங்கள்

மூடுலில் இணைப்புக்கு ‘யு.ஆர்.எல்.’ என்ற ரிசோர்ஸ் இருக்கிறது. அதை யூனிட்டின் அந்தந்த வாரப் பகுதியில், அசைன்மென்ட்டுக்கு நேர் மேலே வையுங்கள். டிஸ்பிளே அமைப்பில் ‘எம்பெட்’ தேர்ந்தெடுக்க வேண்டாம். பல பதிப்பகங்களின் தளங்கள் இன்னொரு பக்கத்துக்குள் திறக்க மறுக்கும், மாணவருக்கு வெள்ளைக் கட்டம்தான் தெரியும். தனி விண்டோவில் திறக்கும்படி வையுங்கள். மூடுல் ஆப்பிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கூகுள் கிளாஸ்ரூமில் ‘ஸ்ட்ரீம்’ பக்கத்தில் போடுவது இரண்டு நாளில் கீழே போய்விடும். ‘கிளாஸ்வொர்க்’ பக்கத்தில் யூனிட்டுக்கு ஒரு டாபிக் உருவாக்கி, வாசிப்பை அசைன்மென்ட்டோடு சேர்த்தே இணையுங்கள்.

இணைப்புக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். ‘இங்கே கிளிக் செய்யவும்’, ‘ரெஃபரன்ஸ் 2’ போன்ற பெயர்கள் எதையும் சொல்வதில்லை. நான் ஆசிரியர்களுக்குச் செய்துகொடுக்கும் வடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“வாரம் 7: ரேஷன் கடையும் உணவுப் பாதுகாப்பும்

முதலில் படிக்க: உணவுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு, பொது விநியோகத் திட்டம் பற்றிய பகுதி மட்டும். தமிழில் உள்ளது. லாகின் வேண்டாம். அரை மணி நேரம் ஆகும். படிக்கும்போது குடும்ப அட்டை வகைகளையும் அரிசி அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து: ஆய்விதழ்க் கட்டுரை. ஆங்கிலம். என்-லிஸ்ட் லாகின் வேண்டும். முன்னுரையும் முடிவுரையும் போதும். ‘கசிவு’ என்று ஆசிரியர் எதைச் சொல்கிறார், அதை எப்படிக் கணக்கிடுகிறார் என்று பாருங்கள்.

திறக்கவில்லையா? கீழே உள்ள ‘நூலகரிடம் கேளுங்கள்’ பகுதியில் எழுதுங்கள். எந்த இணைப்பு, என்ன செய்தி வந்தது என்று ஸ்கிரீன்ஷாட் போடுங்கள்.”

மொழி, லாகின், நேரம், எதைக் கவனிக்க வேண்டும் என்ற நான்கும் இருந்தால் மாணவர் தயங்காமல் திறப்பார். தமிழ்வழி மாணவர்கள் உள்ள வகுப்பில் ஆங்கிலக் கட்டுரைக்கு மேலே ஏழெட்டுக் கலைச்சொற்களைத் தமிழோடு கொடுங்கள். அந்தச் சிறு உதவி இருந்தாலே முழுக் கட்டுரையையும் முயன்று பார்க்கிற மாணவர்கள் இருக்கிறார்கள்.

அச்சு நூல்களை மறந்துவிடாதீர்கள். நூலகத்தின் நூற்பட்டியல் கோஹா மென்பொருளில் இருந்தால், நூலின் பட்டியல் பக்கத்துக்கே இணைப்புக் கொடுக்கலாம். எத்தனை பிரதி உள்ளே இருக்கிறது என்பது மாணவருக்கு வீட்டிலிருந்தே தெரியும்.

படி 6: பி.டி.எஃப். ஏற்றுவதா, இணைப்புக் கொடுப்பதா?

எப்போதும் இணைப்புத்தான் முதல் தேர்வு. சந்தா வழியாக வந்த கட்டுரையை இறக்கி மீண்டும் ஏற்றினால் உரிம ஒப்பந்தத்தை மீற வாய்ப்புண்டு. எத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கும் நூலகத்துக்குக் கிடைக்காது. அடுத்த ஆண்டு சந்தாவைத் தொடர வேண்டும் என்று நிர்வாகத்திடம் வாதாட எங்களிடம் இருக்கும் ஆதாரம் அந்தக் கணக்குதான். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பும் நூலகப் பயன்பாட்டைக் கேட்டுவந்திருக்கிறது.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i) பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை அனுமதிக்கிறது. டில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் தொகுப்பு வழக்கில் 2016-ல் டில்லி உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவுக்கு விரிவான பொருள் கொடுத்தது. ஆனால் அந்த வழக்கு அச்சு நகல்களைப் பற்றியது. முழுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கும் தளத்தில் போடுவதற்கு அதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம். அச்சில் மட்டுமே உள்ள ஒரு இயல் அவசியம் என்றால், வகுப்பு மாணவர்கள் மட்டும் லாகின் செய்து பார்க்கும் இடத்தில் அந்தப் பகுதியை மட்டும் வைத்து, நூலின் விவரத்தை மேலே எழுதுங்கள். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்களுக்கும், தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கும் இந்தத் தயக்கம் தேவையில்லை.

படி 7: எல்லோரும் படிக்க முடிகிறதா?

தமிழ் பி.டி.எஃப். ஒன்றைப் பாடத்தில் வைப்பதற்கு முன் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்தாகவே வந்தால் யூனிகோடு. அதிலும் சில கோப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறி வரும். ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தது. எந்த வரியும் தேர்வாகவில்லை என்றால் வெறும் ஸ்கேன் படம். கடைசி இரண்டிலும் மாணவரால் உள்ளே சொல் தேட முடியாது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அதில் பொருள்படப் படிக்க ஒன்றும் இருக்காது.

ஸ்கேன் படம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸாகத் திறந்தால் தமிழ் எழுத்துணரி ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. பிழை திருத்தாமல் கொடுக்காதீர்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக அணுகத்தக்க வடிவில் நகல் செய்ய, 2012 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 52(1)(zb) பிரிவு இடம் தருகிறது. நூலகரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கோப்பின் அளவையும் பாருங்கள். 80 எம்.பி. ஸ்கேன் கோப்பு மெதுவான இணைப்பில் இறங்க வெகுநேரம் ஆகும். தேவையான பக்கங்களைக் குறிப்பிட்டு, ஆன்லைனிலேயே புரட்டிப் பார்க்கும் வடிவம் இருந்தால் அதைக் கொடுங்கள்.

படி 8: நூலகரை வகுப்புக்குள் சேருங்கள்

மூடுலில் ‘நான்-எடிட்டிங் டீச்சர்’ பொறுப்பிலும், கிளாஸ்ரூமில் இணை ஆசிரியராகவும் நூலகரைச் சேர்க்கலாம். செமஸ்டர் முழுவதும் இருக்க வேண்டியதில்லை. அசைன்மென்ட் அறிவித்த நாளிலிருந்து கொடுக்கும் நாள் வரை இருந்தால் போதும். ஷோத்கங்காவில் தேடுவது எப்படி என்று பத்து நிமிட வீடியோ ஒன்றை அந்த யூனிட்டின் தலைப்பை வைத்தே எடுத்துத்தரச் சொல்லுங்கள். பொதுவான பயிற்சி வகுப்பைவிட மாணவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அப்போது வேண்டியது அதில் இருக்கிறது.

ஆய்வேட்டின் இரண்டாம் இயல் பெரும்பாலும் முந்தைய ஆய்வுகளின் தொகுப்பாக இருக்கும். அதிலிருந்து ஒரு கட்டுரையின் பெயரை எடுத்து, அதை மாணவரே என்-லிஸ்டில் தேடிக் கண்டுபிடிக்கும்படி அசைன்மென்ட்டில் ஒரு பகுதி வையுங்கள். கண்டுபிடித்த வழியை நான்கு வரியில் எழுதச் சொல்லுங்கள்: எந்தச் சொல்லில் தேடினார், எத்தனை முடிவு வந்தது, எப்படிக் குறைத்தார். அந்த நான்கு வரிக்கும் மார்க் கொடுங்கள். இணையத்தில் கிடைத்த விடையை ஒட்டி அனுப்பியவருக்கு இந்தப் பகுதி எழுத வராது.

படி 9: செமஸ்டர் முடிவில்

சந்தா ஆண்டுதோறும் மாறும். சில இதழ்கள் வெளியேறும், சில புதிதாக வரும். பாடத்தை அடுத்த ஆண்டுக்கு அப்படியே நகலெடுப்பதற்கு முன், எல்லா இணைப்பையும் மீண்டும் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அரசுத் துறைகளின் கோப்புகள் அடிக்கடி இடம் மாறும் என்பதால் கொள்கை விளக்கக் குறிப்பின் ஆண்டையும் முழுப் பெயரையும் இணைப்புக்குக் கீழே எழுதி வைத்திருங்கள். இணைப்பு உடைந்தாலும் பெயரைக் கொண்டு தேட முடியும்.

மூடுலின் அறிக்கையில் எந்த வாசிப்பை எத்தனை பேர் திறந்தார்கள் என்று தெரியும். யாருமே திறக்காத ஒன்றை எடுத்துவிடுங்கள், அல்லது அதற்கென்று ஒரு கேள்வி வையுங்கள். எல்லோரும் திறந்தும் விடைத்தாளில் எட்டிப் பார்க்காத ஒன்று இருந்தால், அது அவர்களுக்குக் கடினமாக இருந்திருக்கும். எளிய கட்டுரை ஒன்றை நூலகரிடம் கேளுங்கள். இணைப்புகள், டி.ஓ.ஐ. எண்கள், எது சரியாக வேலை செய்தது என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கூகுள் ஷீட்டில் போட்டு, நூலகரோடும் அடுத்து அந்தத் தாளை எடுக்கப்போகும் ஆசிரியரோடும் விடுமுறைக்கு முன்பே பகிர்ந்துவிடுங்கள்.